மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த ‘ஆய்வு அறிக்கை’யும் என் வீட்டில் இருந்த தின்னர் கேன்களும்

சென்னையில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அவர்கள் அனுப்பும் ஆய்வு அறிக்கையில் இருக்கும் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எனக்கு வந்த படங்களில் ஹால் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. தை மாதப் படத்தில் இருந்த அதே தாள்தான் சித்திரையிலும் இருந்தது, ஆடியிலும் இருந்தது. ஒரே நாளில் எடுத்த படங்களைக் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு மாதாமாதம் வாடகையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

வீடு கொளத்தூரில் இருக்கிறது. கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். நாங்கள் செங்கல்பட்டில் இருப்பதால் அடிக்கடி போய்வர முடியாது. அதனால்தான் அந்த நிறுவனத்திடம் கொடுத்தோம். ஆள் யார் என்று விசாரிப்பது, காவல் நிலையத்தில் விவரம் கொடுப்பது, ஒப்பந்தம் போடுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது எல்லாம் தங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஒரு மாத வாடகை அவர்களுக்கு. கீழ்வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இன்டீரியர் வேலை செய்கிறார், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றார்கள். வாடகை ஐந்தாம் தேதிக்குள் சரியாக வந்துவிடும். வாடகை சரியாக வந்தால் வேறு எதையும் யாரும் கேட்பதில்லை, இதுதான் நம் ஊர் வழக்கம்.

மேல்வீட்டில் இருக்கும் டீச்சர் ஒருநாள் போன் செய்தார். “அக்கா, கீழ இருந்து பெயிண்ட் வாடை தாங்க முடியல. பையனுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. அங்க குடும்பம் எதுவும் இருக்குற மாதிரியே தெரியல.” நிறுவனத்தைக் கேட்டேன். “போன வாரம்தான் இன்ஸ்பெக்‌ஷன் முடிச்சோம் மேடம், எல்லாம் கிளியர்” என்று படங்களை அனுப்பினார்கள். காலண்டர் கண்ணில் பட்டது அப்போதுதான்.

சாவி கையில் இருக்கிறது என்று திடுதிப்பென்று திறந்து உள்ளே போகக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்துமூலம் காரணம் சொல்லித் தெரிவிக்க வேண்டும். வாடை பற்றிப் புகார் வந்திருக்கிறது, வயரிங்கைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனோடு போனோம். கீழ்வீட்டுக்காரர் அப்போதும் ஒன்றையும் அப்புறப்படுத்தியிருக்கவில்லை. அவருக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை போலிருக்கிறது.

ஹாலில் 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் இரண்டு வரிசையாக இருந்தன. மரப் பாலிஷ் வேலைக்கான தின்னர். பக்கத்தில் சீலர் டப்பாக்கள், வார்னிஷ், லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்). மூலையில் எண்ணெய் துடைத்த காட்டன் வேஸ்ட் ஒரு சாக்கு. உள் அறையில் வேலைப் பையன்கள் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். அவர்கள் சமைப்பதற்கு ஒரு சின்ன கேஸ் அடுப்பு, கேன்களில் இருந்து நாலு தப்படி தூரத்தில். மனைவி, பிள்ளைகள் என்று யாரும் அங்கே குடிவரவே இல்லை. வீடு ஒரு பாலிஷ் காண்ட்ராக்டரின் குடோனாக இருந்தது.

அந்தக் காண்ட்ராக்டரைப் போனில் பிடித்தேன். “ஒண்ணும் ஆகாது மேடம், பத்து வருஷமா இப்படித்தான் வெச்சிருக்கோம்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் பேச்சே எழவில்லை.

ஒன்றும் ஆகாது என்று ஏன் சொல்ல முடியாது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இதே பதிலை உங்களிடமும் சொல்வார்கள். தின்னரில் இருக்கும் டொலுயீன் என்ற கரைப்பானின் தீப்பற்று நிலை ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பநிலையிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழும். சென்னையில் மார்கழிக் குளிர் என்று சொல்லிக்கொள்கிறோமே, அது இதற்குப் பக்கத்தில்கூட வராது. வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தரையாகப் பரவி, கதவிடுக்கு வழியாக வெளியேறித் தாழ்வான இடத்தில் தங்கும். எங்கள் வீட்டில் அந்தத் தாழ்வான இடம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் அங்கேதான். டீச்சர் வீட்டில் தினமும் காலையில் மோட்டார் போடுவார்கள். ஸ்டார்ட்டரில் பொறி வரும். மேல்வீட்டுக்காரர்கள் இறங்கிவர அந்தப் படிக்கட்டை விட்டால் வேறு வழி கிடையாது.

எண்ணெய்த் துணியும் லேசான விஷயம் இல்லை. லின்சீட் ஆயில் காயும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகும். விரித்துப் போட்டால் சூடு கலைந்துவிடும். கசக்கிச் சாக்கில் திணித்தால் உள்ளேயே சூடு ஏறி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். பாலிஷ் வேலை செய்பவர்கள் இதை அறியாதவர்களா என்ன?

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றக்கூடிய, தின்னர் போன்ற ஏ வகைத் திரவங்களை, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தாலும், உரிமம் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் வைக்கக் கூடாது. அதையும் இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலத்தில்தான் வைக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர் வரை, உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக் கேனுக்கு அதில் இடமே இல்லை. எங்கள் ஹாலில் 200 லிட்டருக்குக் குறையாமல் இருந்தது. லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2020-இல் அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம் வெடித்த பிறகுதான், அதே சரக்கு சுமார் 700 டன் நம் மணலியில் 2015 முதல் கிடந்தது ஊருக்கே தெரிந்தது. அதற்காவது சுங்கத் துறையிடம் கணக்கு இருந்தது. கொளத்தூர் ஹாலில் இருந்ததற்கு என்னிடம் இருந்த கணக்கு ஒரு காலண்டர் படம்.

தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய்ச் சொன்னோம். வந்து பார்த்தவர்கள் முதலில் சொன்னது, ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள், மோட்டார் போடாதீர்கள், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பதுதான். காண்ட்ராக்டரை வரவழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே கேன்களை ஏற்றி அனுப்ப வைத்தார்கள். சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், தெரு முழுக்க ஆவி போகும்.

என் மைத்துனர் வேறொரு வழி சொன்னார். “கரண்ட்டைப் பிடுங்கி விடுங்கண்ணி, தானா ஓடுவான்.” அப்படிச் செய்தால் குற்றவாளி நாமாகிவிடுவோம். மின்சாரம், தண்ணீர் போன்ற அடிப்படை வசதிகளை உரிமையாளர் நிறுத்துவதை அதே வாடகைச் சட்டம் தடை செய்கிறது. வீட்டைத் தவறாகப் பயன்படுத்தினால் நோட்டீஸ் கொடுத்து, அப்புறமும் நிறுத்தாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம். எங்கள் விஷயத்தில் நோட்டீஸோடு முடிந்தது. பெட்ரோலியச் சட்டம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவரே காலி செய்துவிட்டார். முழு அட்வான்ஸையும் கேட்டு இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார். தரையில் இருக்கும் கறைக்கும் பெயிண்ட் உரிந்த கதவுக்கும் ரசீதோடு கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட்டேன்.

நிறுவனத்தின் கதைக்கு வருகிறேன். காவல் நிலையத்தில் கேட்டால், அந்தப் பெயரில் வாடகைதாரர் விவரம் எதுவும் வரவில்லை என்றார்கள். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, வெறும் முத்திரைத் தாளில். “11 மாசம்னா ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் மேடம்” என்று சொல்லியிருந்தார்கள். 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த இந்த வாடகைச் சட்டத்தில் 11 மாதத்துக்கு விலக்கு எதுவும் கிடையாது. எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவு வேண்டாம் என்றவர்களே பதிவுக்கென்று எங்களிடம் தனியாகப் பணமும் வாங்கியிருந்தார்கள், அதையும் செய்யவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அவர்கள் அனுப்பிய பதில், “தீப்பற்றும் பொருட்களைச் சோதிப்பது எங்கள் சேவையில் அடங்காது.” சரி, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது அடங்குமா, அடங்காதா? படத்தை எடுக்காமலே எடுத்ததாகச் சொல்வது எந்தச் சேவையில் அடங்கும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. சேவைக் குறைபாடு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். உங்களுக்கும் இப்படி அறிக்கைகள் வந்திருந்தால் வாட்ஸப்பில் வரும் படத்தை ஏற்காதீர்கள், எடுத்த தேதி உள்ளே பதிவாகியிருக்கும் அசல் கோப்பையே கேளுங்கள். அதைவிட நல்லது வீடியோ கால். வாசலில் நின்று போன் செய்யச் சொல்லுங்கள். மேல்வீட்டுக்காரரின் நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள், எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

இன்னொன்று, இ.பி. இணைப்பு. வீட்டு இணைப்பில் தொழில் நடந்தால் மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் நோட்டீஸ் வரலாம். வீட்டுக்கென்று எடுத்த தீ இன்சூரன்ஸும் குடோனுக்குக் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது.

இப்போது கீழ்வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்திருக்கிறது, நாங்களே பார்த்துப் பேசி வைத்தோம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டோம். சமையலுக்கு ஒரு சிலிண்டரும் மாற்றுச் சிலிண்டர் ஒன்றும் தவிர தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் சேமிக்கக் கூடாது, வண்டியில் இருக்கும் பெட்ரோல் வண்டியோடு இருக்கட்டும் என்று அதில் எழுதினோம். அந்தப் பெண் படித்துவிட்டு, “தீபாவளிக்குப் பசங்களுக்குப் பட்டாசு வாங்கலாம் இல்லையா ஆன்ட்டி?” என்று கேட்டாள். பிள்ளைகள் வெடிக்கிற அளவுக்கு வாங்கலாம், விற்பதற்கு வாங்கி அடுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டோம்.