கல்லடி வீட்டில் பத்து வருடத்துக்கு மேல்: எது தாங்கியது, எது துருவேறியது

மட்டக்களப்பில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், கல்லடியில், 2014 இல் குடிபுகுந்தோம். எங்கள் வீட்டைப் பார்க்க இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். "சுவர் பூசாமல் விட்டிருக்கிறீங்க, காசு முடிஞ்சிட்டுதா?" என்பதுதான் முதல் கேள்வி. புதுமுறையில் வீடு கட்ட யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சுவரிலிருந்தே தொடங்கலாம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறி முறை. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பியது. கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று, வெக்கையைச் சுணக்கித்தான் உள்ளே விடும். கச்சான் காற்று அடிக்கும் பின்னேரங்களில் எங்கள் மேற்குச் சுவரை உட்பக்கம் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, அயலில் உள்ளவர்கள் எங்கள் விறாந்தையில் வந்து இருந்தார்கள்.

ஆனால் டிவி மாட்டத் துளை போட்டபோது, ட்ரில் 'டக்' என்று வெற்றிடத்துக்குள் விழுந்தது. குறுக்குக் கல் இருக்கும் இடம் பார்த்துத்தான் எதையும் மாட்டலாம். வயர் குழாய்களையும் சுவர் எழும்பும்போதே வைத்துவிட வேண்டும். பிறகு ஒரு பிளக் கூட்டுவதென்றால் வெளியால் ஓடும் கேசிங்தான்.

அடுத்தது நடு முற்றம். இலங்கையின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டின் முற்றத்தைப் படத்தில் காட்டித்தான் எங்கள் கட்டடக் கலைஞர் எங்களைச் சம்மதிக்க வைத்தார். மாமி மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு மகன், மறுகா மாரியில என்ன செய்யிற?" என்றார். அவர் கேட்டது சரி. மார்கழி வாடையில் மழை நேராக விழுவதில்லை, சரிந்து அடிக்கும். முதல் மாரியிலேயே சாப்பாட்டு மேசை நனைந்தது, தரையில் பாசி பிடித்தது. மேலே பொலிகாபனேட் சீற் போட்டோம். மழை நின்றது, புழுக்கம் வந்தது. கடைசியில் சீற்றைச் சுவருக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் வெளியே நீட்டி விட்டோம். சூடான காற்று இடுக்கால் மேலேறிப் போகிறது, சாரலும் குறைவு. இடுக்குக்கு நுளம்பு வலை அடித்தது என் பெண்சாதியின் யோசனை. முழு வீட்டிலும் மலிவான வேலையும் அதுதான், பலனுள்ள வேலையும் அதுதான்.

மேற்குப் பக்கத்து அசையும் அலுமினிய லூவர்களை, அதாவது வெயில் மறைக்கும் தகட்டு வரிசைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அலுமினியம் அப்படியே இருக்கிறது, பூட்டிய இரும்பு ஸ்குரூக்களை உப்புக் காற்று தின்றுவிட்டது. இப்போது அவை அசைவதில்லை. கடற்கரைப் பக்கம் அசையும் சாமான் எதுவானாலும் துருப்பிடிக்காத ஸ்குரூ கேட்டு வாங்குங்கள். மூன்றடி உயர்த்திய அத்திவாரம் 2024 கார்த்திகை வெள்ளத்தில் உதவியது, தண்ணீர் இரண்டாம் படியோடு நின்றது. மாமியின் முழங்காலுக்காகப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் கட்டினோம்.

எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்தது வேறொன்று. வரைபடம் போட முதலே கட்டடக் கலைஞர் கேட்டது, "எத்தனை பெண்பிள்ளைகள்?" இரண்டு. எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தானே. அதனால் கூரைப் பாரத்தைத் தூண்களுக்குக் கொடுத்து, உள்ளே பலகைத் தடுப்புகள் மட்டும் வைத்தார். சுனாமிக்குப் பிறகு தெற்குக் கரையில் உள்ள கிரிந்தவில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கட்டிய வீடுகளிலும் இறப்பர் மரத் தடுப்புகள்தான் என்றார். பின் அறையில் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் மூடி வைக்கப்பட்டிருந்தன. வீண் செலவு என்று மேசன் முணுமுணுத்தார்.

மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்த கையோடு தடுப்பைக் கழற்றி நகர்த்தினோம், மூடிய குழாயைத் திறந்தோம். பின்பக்கம் எங்களுக்குத் தனிக் குசினி, தனி வாசல். முன்பக்கம் அவளுக்கு. ஒரு சுவரும் உடைக்கவில்லை, இரண்டு தச்சர்மார் ஒரு கிழமைக்குள் முடித்துவிட்டார்கள். பலகையில் ஒரு குறை: பேசுவது அடுத்த பக்கம் கேட்கும். மருமகன் இரவில் கிரிக்கெட் பார்த்தால் எங்களுக்கும் ஸ்கோர் தெரியும்.

இளையவளுக்கு மேல்மாடி எடுக்கலாம், தூண்கள் அதற்கும் சேர்த்துத்தான் போடப்பட்டவை. ஆனால் ஓட்டுக் கூரையைக் கழற்றி கொங்கிரீட் பிளேட் போட்டால் இந்தக் குளிர்மை மிஞ்சுமா என்பதில் வீட்டுக்குள் இன்னும் இரண்டு கட்சி.