எச்சரிக்கை: ஓட்டிப் பார்க்காமலேயே விற்கப்பட்ட நான்கு டயர்கள்

கோலாலம்பூரில் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பண்டிகைக்கு ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் டயர் கடைக்குள் நுழைகிறவர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட வேண்டுகிறேன். சக்கரத்திலிருந்து வந்த ஓர் இரைச்சலைப் போக்குவதற்காக நான் ஒரே கடையில் இரண்டு தவணையாக 1,065 ரிங்கிட் கொடுத்தேன். இரைச்சல் போகவில்லை. பிறகு வேறோர் இடத்தில் 190 ரிங்கிட்டில் போனது. முதற்கடையில் எவரும் என் காரை ஒரு நூறு மீட்டர் தூரம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

என்னுடையது 2019இல் வாங்கிய பெரோடுவா மைவி, 1.5 லிட்டர் வகை. 2025 அக்டோபர் தொடக்கத்தில், வேகம் எழுபதைத் தாண்டினால் முன்புறத்திலிருந்து ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலும் சத்தம் மாறாததால் என்ஜினில் கோளாறில்லை என்று எனக்கே புரிந்தது. செந்தூலிலிருந்து டியூக் நெடுஞ்சாலையில் ஏறும்போது இடப்பக்கம் வளைந்தால் சத்தம் கூடுவதையும், வலப்பக்கம் வளைந்தால் குறைவதையும் கவனித்திருந்தேன். இதைக் கடையில் சொல்லவும் செய்தேன். அதைச் சொன்ன பிறகும் நான் ஏமாந்ததுதான் இன்றுவரை மனத்தை அறுக்கிறது.

ஜாலான் ஈப்போ வட்டாரத்தில் இருக்கும் அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. வாசலில் ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பதாகை தொங்கும். அக்டோபர் 4, சனிக்கிழமை காலை அங்குப் போனேன். முகப்பில் நின்ற தம்பி நம்மவர்தான், மரியாதையாகப் பேசினார். “அக்கா, இது அலைன்மென்ட் அவுட்டு. அதோட பேலன்சிங்கும் செஞ்சிட்டா சத்தம் நின்னுரும்” என்றார். வளைவில் சத்தம் மாறுவதைச் சொன்னதற்கு, “எல்லாக் காரும் அப்படித்தான்க்கா” என்று சிரித்தார். இரண்டுக்கும் 85 ரிங்கிட். நைட்ரஜன் நிரப்பினால் டயர் குளிர்ச்சியாக இருக்கும் என்று மேற்கொண்டு 20 ரிங்கிட். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்பது பள்ளியில் படித்த பாடம். காசு கொடுக்கும் நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அலைன்மென்ட் சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் வேலை. கோணம் பிசகினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரம் தேயும். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி ரிம்மில் சிறு எடைத்துண்டுகளை ஒட்டுவது. அது பிசகினால் பெரும்பாலும் எண்பது தொடங்கி நூற்றுப்பத்துக்குள் ஸ்டியரிங் அதிரும். என் காரில் இழுப்பும் இல்லை, அதிர்வும் இல்லை, முனகல் மட்டுமே இருந்தது. இன்னொன்றையும் பின்னர்தான் கண்டேன். அலைன்மென்ட் இயந்திரம் அச்சடித்துத் தந்த தாளில் ‘வேலைக்கு முன்’, ‘வேலைக்குப் பின்’ என இரண்டு வரிசை எண்கள் இருந்தன. முன் வரிசையிலேயே எல்லா எண்களும் பச்சைக்குள், அதாவது சரியான அளவுக்குள், இருந்தன. திருத்த ஒன்றும் இல்லாத கோணத்தைத் திருத்தியதற்கு நான் கூலி கொடுத்திருக்கிறேன்.

சத்தம் அப்படியே இருந்ததால் அடுத்த சனிக்கிழமை மீண்டும் போனேன். தம்பி இம்முறை குனிந்து டயரைத் தடவி, “பூ போயிருச்சுக்கா, சத்தம் இதுலதான் வருது. புதுசு போட்டா பட்டு மாதிரி ஓடும்” என்றார். டயரில் சாலையைத் தொடும் ரப்பர் வரிகளைத்தான் பூ என்கிறோம். அந்த டயர்கள் 2023இல் மாற்றியவை. 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தன. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பூ தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சமிருப்பது 1.6 மில்லிமீட்டர் என்று பொருள், அதற்குமேல் ஓட்டக்கூடாது. என் டயரில் பூ அந்த மேட்டைவிட நன்றாகவே உயர்ந்து நின்றது. நான் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, தெலுக் இந்தானில் அம்மா காத்திருந்தார், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய கார். அந்தப் பயத்தின் மேல்தான் வியாபாரம் நடந்தது.

புதிய டயரில் ஒட்டியிருந்த ஐரோப்பியச் சீட்டு ஒன்றைக் காட்டி, 68 டெசிபெல் என்று போட்டிருப்பதால் இது மிக அமைதியான டயர் என்றார்கள். அந்த எண் கார் கடந்து செல்லும்போது சாலையோரத்தில் கேட்கும் ஒலியைக் குறிப்பது. காருக்குள் உட்கார்ந்திருப்பவர் காதில் விழும் ஒலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதுவும் பிறகு தெரிந்துகொண்டதுதான். ஒன்று 320 ரிங்கிட் வீதம் மூன்றுக்கு விலை, நான்காவது இலவசம், மொத்தம் 960.

முதல் இரண்டு நாள் சத்தம் குறைந்தது போலவே இருந்தது. கொடுத்த பணம் காதையும் ஏமாற்றும் போலிருக்கிறது. 18ஆம் தேதி ஊருக்குப் புறப்பட்டபோது ரவாங் ஏற்றத்திலேயே பழைய முனகல் திரும்பிவிட்டது. பீடோரில் இறங்கித் தெலுக் இந்தான் சாலையைப் பிடிக்கும்வரை வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் புதிய டயர் என்று பாட்டியிடம் பெருமையடித்தார்கள். மறுநாள் சந்தைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனபோது அவர், “என்னம்மா, லோரி மாதிரி கத்துது, இதுக்கா ஆயிரம் வெள்ளி குடுத்த?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

தீபாவளி முடிந்து திரும்பியதும், என்னுடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னதன் பேரில் செகாம்புட்டில் உள்ள ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். அறுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர், நான் கதையைத் தொடங்குவதற்கு முன்பே, “சாவியைக் குடும்மா, ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம்” என்றார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நல்ல தார்ச்சாலையிலும் கரடுமுரடான சாலையிலும் ஓட்டினார். டயர் சத்தமாக இருந்தால் சாலையின் தளம் மாறும்போது சத்தமும் மாறும். இது மாறவில்லை என்றார். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலச் சக்கரத்தின் மேல் சாய்கிறது, அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கத்து பேரிங்கை, அதாவது சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பாகத்தைத்தான், முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார். நான் கடையில் சொல்லிச் சிரிப்பை வாங்கிக்கொண்ட அதே அடையாளம்.

பட்டறைக்குத் திரும்பி முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கினார். ஒரு கையைச் சக்கரத்துக்கு மேலே உள்ள சுருள்வில்லில் வைத்துக்கொண்டு மறு கையால் வலச் சக்கரத்தைச் சுழற்றினார். பிறகு என் கையையும் அந்த வில்லின் மேல் வைக்கச் சொன்னார். மாவரைக்கும் கிரைண்டருக்குள் மணல் விழுந்தாற்போல நறநறவென்று ஓர் அதிர்வு வில் வழியாக உள்ளங்கையில் ஏறியது. இடப்பக்கம் அதையே செய்தபோது ஒன்றும் இல்லை. சக்கரம் வழுவழுவென்று சுற்றி நின்றது. கருவி எதுவும் தேவைப்படாத அந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சக்கரத்தைக் கழற்றப் போனபோதுதான் அடுத்தது வெளிப்பட்டது. நட்டுகள் அசையவில்லை. அவர் நட்டு கழற்றும் சாவியில் நீண்ட குழாயை மாட்டி, தம் முழு எடையையும் கொடுத்து மிதித்த பிறகே ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுக் கழன்றன. ஒன்றின் மரை கெட்டிருந்தது. கடையில் காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்கியதோடு விட்டிருக்கிறார்கள். நட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரென்ச்சைத் தொடவே இல்லை. நெடுஞ்சாலையில் டயர் வெடித்திருந்தால், காரின் பின்பெட்டியில் கிடக்கும் சிறிய நட்டுச் சாவியை வைத்துக்கொண்டு நானும் பிள்ளைகளும் அவசரத்தடத்தில் நின்றிருக்க வேண்டியதுதான்.

கழற்றிய சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, உட்பக்கச் சுவரைக் கைவிளக்கால் காட்டினார். டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துவரிசையின் முடிவில் 1121 என்றிருந்தது. முதல் இரண்டு எண்கள் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. அதாவது 2021ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில் செய்த டயர். மற்ற மூன்றில் இரண்டிலும் அதே எண், இன்னொன்றில் 4820. தேதியோடு கூடிய முழு வரிசை பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். நான்கிலும் அந்தப் பக்கம் உள்ளே மறையும்படி மாட்டியிருந்தார்கள். ஒன்றிரண்டு அப்படி அமைந்திருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன். நியாயமாகச் சொல்வதென்றால், நிழலில் ஒழுங்காக அடுக்கி வைத்த பழைய சரக்கு அதனாலேயே கெட்டுப்போனதாகிவிடாது. ஆனால் வயதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்க வேண்டும். அதே நிறுவனத்தின் அதே அளவு டயரை, 2025ஆம் ஆண்டுத் தயாரிப்பாகவே, வேறொரு கடையில் 235 ரிங்கிட்டுக்குக் கேட்டறிந்தேன். நான்குக்கு 940. ஆக அந்த ‘இலவச’ டயருக்கும் நான் விலை கொடுத்துத்தான் இருந்தேன்.

செகாம்புட்டுப் பெரியவரைத் தெய்வமாக்கவும் விரும்பவில்லை. பேரிங்கை மாற்றி மதியம் தருவதாகச் சொன்ன காரை மாலை ஆறு மணிக்குத்தான் தந்தார். ரசீதை இரண்டு முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆனால் அன்று இரவு டியூக்கில் தொண்ணூறில் போனபோது காருக்குள் பிள்ளைகள் கிசுகிசுப்பதுகூடக் கேட்டது.

மறுநாள் ரசீதுகளையும் டயர் எண்களின் படங்களையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். வாசலுக்கு அருகே பழைய டயர்களை அடுக்கும் இரும்புத் தாங்கியில் என் டயர் நின்றது. பத்துமலையில் கார் நிறுத்தும்போது நடைபாதை விளிம்பில் உரசி அதன் சுவரில் பிறை வடிவில் ஒரு வடு விழுந்திருந்தது. அதை நான் மறக்க வழியில்லை. பூ போய்விட்டதாகச் சொல்லிக் கழற்றிய அந்த டயரின் மேல் மஞ்சள் சாக்கட்டியில் ‘70’ என்று விலை எழுதியிருந்தது. முதலாளியிடம் கேட்டேன். மாட்டும்போதே பார்த்திருக்க வேண்டும் என்றும், விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பில்லிலேயே அச்சிட்டிருப்பதாகவும் சொன்னார்.

அந்த அச்சு வரியைக் கண்டு பின்வாங்கிவிட வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்துக்கும் சேவையின் திறமைக்கும் தரும் உத்தரவாதத்தைக் கடைக்காரர் தம் பில்லில் ஒரு வரி எழுதி நீக்கிவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், அதாவது மலாயில் ‘திரிபுனல் துந்துத்தான் பெங்குனா’ என்கிறார்களே அங்கே, ஐந்து ரிங்கிட் கட்டி மனுக் கொடுத்தேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீதும், தேதியுடன் கூடிய படமும், இரண்டாவது மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய தாளும் என்னிடம் இருந்தன. செகாம்புட்டில் இரண்டு முறை கேட்டு வாங்கிய ரசீதுதான் அந்தத் தாள்.

இப்போது நான் டயர் வாங்கினால், மாட்டுவதற்கு முன் நான்கின் எண்ணையும் படமெடுத்து, எண் வெளிப்பக்கம் வரும்படி மாட்டச் சொல்கிறேன். உட்பக்கம், வெளிப்பக்கம் என்று குறித்துச் செய்த டயராக இருந்தால் மட்டும் அதற்கு விதிவிலக்கு. காற்றை மாதம் ஒருமுறை, ஓட்டுவதற்கு முன் டயர் சூடேறாதபோது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளில் உள்ளபடி வைக்கிறேன். அந்தக் கடையில் அதைவிடக் கூடுதலாக நிரப்பியிருந்தார்கள். கூடுதல் காற்று டயரின் நடுப்பகுதியைத்தான் முதலில் தேய்க்கும். ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் சக்கரங்களை இடம் மாற்றிப் போடுகிறேன். நட்டுகளை டார்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சோதித்துக்கொள்கிறேன். சத்தம் என்று போய் நின்றால், விலை பேசுவதற்கு முன் என்னோடு காரில் ஏறுவீர்களா என்றுதான் கேட்கிறேன். ஏற மறுத்த ஒரு கடையிலிருந்து அப்படியே திரும்பி வந்திருக்கிறேன்.

விசாரணை நாளுக்கு நான்கு நாள் முன்பு முதலாளியே கைப்பேசியில் அழைத்தார். பேசி முடித்து 450 ரிங்கிட் திரும்பக் கிடைத்தது. டயர்கள் என்னிடமே இருக்கின்றன, மழையில் பிடிப்பில் குறையொன்றும் இதுவரை தெரியவில்லை. பணத்தை வாங்கப் போன அன்று அந்த இரும்புத் தாங்கியைப் பார்த்தேன். பிறை வடு உள்ள டயர் அங்கே இல்லை.