யூவி விளக்கா, ஃபில்டரா, ஜன்னலா? ஒரு மாட்டுங்கா கட்டடத்தின் கணக்கு

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் முதல் மாடி டியூஷன் சென்டர், இரண்டாவது மாடி எங்கள் ஆடிட்டர் ஆபீஸ், மூன்றாவது பல் டாக்டர். மழைக்காலத்தில் ஒருவர் இருமினால் ஒரே வாரத்தில் எல்லா மாடியும் இருமும். கிருமி கொல்லும் விளக்கு போடலாம் என்று பேச்சு எழுந்ததும் கொட்டேஷன்கள் குவிந்தன. எல்லாவற்றிலும் யூவி, அதாவது புற ஊதாக் கதிர், என்ற ஒரே பெயர்தான், சரக்கு வேறு வேறு.

வழக்கமான பாதரச விளக்கின் அலைநீளம் 254 நானோமீட்டர். யூவி வாட்டர் ஃபில்டருக்குள் எரிவதும் அதுதான். கிருமியின் மரபணுவைச் சிதைத்து, அது பெருகாமல் செய்துவிடும். நம் கண்ணில் நேராகப் பட்டால் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்ததுபோல மணல் உறுத்தும். அதனால் எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் விஷயம்.

ஏசி டக்டுக்குள், அதாவது குளிர்காற்று வரும் குழாய்க்குள், மாட்டினால் யார் கண்ணிலும் படாது. காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பூஞ்சையும் பிடிக்காது, மும்பை ஈரத்துக்கு அது பெரிய உபகாரம். 2021-இல் டெல்லி நாடாளுமன்றத்துக்கும் இந்த டக்ட் முறைதான் வந்தது. ஆனால் எங்களிடம் இருப்பது ஸ்பிலிட் ஏசி. டக்டே இல்லாத கட்டடத்துக்கு டக்ட் விளக்கு விற்க வந்தவரை டீ கொடுத்து அனுப்பினோம்.

அடுத்தது, தலைக்கு மேலே, ஏழடிக்கும் மேலான உயரத்தில் சுவரில் மாட்டி, ஒளியை மேல்பகுதியிலேயே பரவவிடுவது. 1941-இல் பிலடெல்பியா அருகே தட்டம்மை பரவியபோது இப்படி விளக்கு மாட்டிய பள்ளிகளில் நோய் குறைவாக இருந்தது. பிறகு வேறு இடங்களில் அவ்வளவு எடுபடவில்லை. பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸிலும் சேர்ந்துதானே போனார்கள்! (எங்கள் டியூஷன் பிள்ளைகளுக்கு லோக்கல் ட்ரெயின்.) கீழ்க்காற்று மேலே போய் வர மின்விசிறி சுழல வேண்டும், கூரையும் உயரமாக இருக்க வேண்டும். எங்கள் பழைய கட்டடத்தில் இரண்டும் உண்டு. ஒரே குறை, ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் விளக்கு கிருமியைக் கொல்லும் வேகம் குறையத் தொடங்கும். ஜூலையில் ஏசி போட்டால்தான் சரிப்படும்.

222 நானோமீட்டர் விளக்கு ஆட்கள் இருக்கும்போதே, அளவுக்குள், நேராக எரியலாம் என்கிறார்கள். விலை அதிகம், கொஞ்சம் ஓசோனும் உண்டாகும். அடைத்த அறைக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

காற்றிலிருக்கும் நுண்துகள்களை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டருக்குக் கண் பயமே கிடையாது, தூசியையும் பிடிக்கும். ஆனால் முழு வேகத்தில் வைத்தால் கிளையண்ட் பேசுவது காதில் விழாது. வேகத்தைக் குறைத்தால் வாங்கியதே வீண்.

ஜன்னல்? செலவே இல்லை, மழை அடிக்காதவரை. விளக்கும் ஃபில்டரும் எதுவானாலும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. முப்பது பிள்ளைகள் உட்கார்ந்த அறையில் மதியம் எல்லாரும் கொட்டாவி விட்டால் அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன்தான் மருந்து.

கடைசியில் டியூஷனுக்கும் பல் டாக்டரின் வெயிட்டிங் ரூமுக்கும் மேல்சுவர் விளக்கு, மூன்று மாடிக்கும் எக்ஸாஸ்ட் என்று முடிவானது. இந்தப் பாதரச விளக்கின் ஆயுள் சுமார் 9,000 மணி நேரம், நிறுத்தாமல் எரித்தால் ஒரு வருடம். அதற்கப்புறமும் நீலமாக எரிந்துகொண்டேதான் இருக்கும், கிருமியைக் கொல்லும் தெம்பு குறைந்திருக்கும். மாட்டிய தேதியை அதன் பட்டியிலேயே மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறேன்.