பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்: புதுச்சேரியில் ஒரு கண்காட்சி

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குச் சற்று உள்ளே, பழைய பிரெஞ்சு வீடொன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறு கலைக்கூடத்தில், நெய்வேலிச் சுரங்கத்தையும் அதற்காகக் கையகப்படுத்தப்பட்ட நிலங்களையும் பொருளாகக் கொண்ட கண்காட்சி நடந்துவருகிறது. கட்டணம் இல்லை. முதல் அறையின் தரை முழுவதும் செம்மண் பரப்பியிருப்பதால் காலணியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

அந்தச் செம்மண்ணுக்கு மேலே தொங்கும் துணிதான் கண்காட்சியின் மிகச் சிறந்த படைப்பு. ஒரு கிராமத்தின் நில அளவை வரைபடமான புலப்படத்தை வேட்டித் துணியில் கறுப்பு நூலால் தைத்திருக்கிறார்கள். ஒரே புல எண் ஐந்தாறு உட்பிரிவுகளாகச் சிதறிக் கிடப்பதைப் பார்க்கையில், அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த கதை முழுவதும் விளங்கிவிடுகிறது. கையகப்படுத்தப்பட்ட புலங்களில் தையலைப் பிரித்துவிட்டதால் ஊசித் துளைகள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. சன்னல் வெளிச்சம் அவற்றின் வழியே செம்மண்ணில் புள்ளிகளாக விழுகிறது. விளக்கக் குறிப்பே தேவைப்படாத படைப்பு.

அடுத்த அறையில் ஆளுயரக் கண்ணாடிக் குழாய்களில் மேல்மண், மணற்பாறை, களிமண், பழுப்பு நிலக்கரி என நிலத்தின் அடுக்குகள் வரிசையாக நிற்கின்றன. நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரையும் காட்டியிருப்பது பாராட்டத்தக்கது. அந்த நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே உடைந்துவிடும். ஆகவே நெய்வேலியில் நிலக்கரி எடுப்பது என்பது நீரை எடுப்பதும்தான். சுற்றுவட்டாரக் கிணறுகளைப் பற்றிய பேச்சு ஏன் இத்தனை ஆண்டுகளாக ஓயவில்லை என்பதற்கான காரணம் அந்தக் குழாயின் அடியில் இருக்கிறது.

கண்காட்சி சறுக்குவது மூன்றாவது அறையில். மண்வெட்டும் ராட்சத சக்கர இயந்திரங்களை அந்தி வெயிலில் படம்பிடித்துச் சுவரளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். படங்கள் அழகானவை, அந்த அழகே சிக்கல். பார்வையாளர்களில் பாதிப் பேர் அங்கேதான் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ச் சுவரிலுள்ள கால வரிசையோ பாடநூல் பக்கம் போலிருக்கிறது: 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தென்பட்ட கறுப்புப் பொருள், 1956-இல் சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் தொடக்கம், 1957-இல் நேரு வந்து பணிகளைத் தொடங்கிவைத்தது, 1961-இல் முதன்முதலாக நிலக்கரி வெளிப்பட்டது. பிறகு 2023-க்கு ஒரே தாவல்.

அந்த 2023-ஆம் ஆண்டுக் காணொளியில் மட்டும் விறுவிறுப்பு திரும்புகிறது. பரவனாற்றைத் திசைதிருப்பும் கால்வாய்க்காக, நெய்வேலியை அடுத்த வளையமாதேவி கிராமத்தில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சி அது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்பது நிறுவனத்தின் வாதம். நின்ற பயிர் யாருடையது என்பது உழவர்களின் கேள்வி. இரண்டையும் பின்னணி இசையின்றி, கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்கிறார்கள்.

கடைசி அறையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களின் குரல்களைக் காதொலிப்பானில் கேட்கலாம். பட்டா, சிட்டா, அடங்கல் எதிலும் இடம்பெறாத இவர்கள், நிலம் போனபோது கூலியையும் மாட்டுத் தீவனத்தையும் இழந்தவர்கள். நில உரிமை பற்றிய கண்காட்சி நிலமில்லாதவரிடம் வந்து முடிவது துணிவான ஏற்பாடு. ஆனால் வேளாண் தொழிலாளர்களையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகவே ஏற்கும் 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லை. அது இருந்திருந்தால் அந்தக் குரல்கள் இரக்கத்தைத் தாண்டி உரிமையைப் பேசியிருக்கும். புதுச்சேரிக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு நெய்வேலியிலிருந்தே வருகிறது என்பதும் விடுபட்டிருக்கிறது. குளிரூட்டிய அறையில் நின்று இதையெல்லாம் பார்க்கும் உள்ளூர்க்காரருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

கலைக்கூடத்தின் சேவையில் குறைகள் உண்டு. விளக்க அட்டைகளில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் அதன் காலடியில் பொடி எழுத்திலும் இருக்கிறது; 'கையகப்படுத்தல்' சில இடங்களில் 'கைப்பற்றல்' ஆகியிருப்பது பொருளையே மாற்றிவிடுகிறது. உதவிக்கு நிற்கும் இளைஞர்களோ கேட்டதற்கெல்லாம் பொறுமையாக விடை சொல்கிறார்கள். காதொலிப்பான்கள் குறைவு என்பதால் வார இறுதியைத் தவிர்த்து, காலையிலேயே செல்வது நல்லது. கண்காட்சியை அடுத்து நெய்வேலிக்கு எடுத்துச்செல்லும் எண்ணம் இருக்குமானால், இயந்திரப் படங்களை இங்கேயே விட்டுவிட்டு, அட்டைகளை முழுவதுமாக மாற்றி எழுதிய பிறகே கொண்டுசெல்ல வேண்டும்.