ஹட்டன் பக்கம் ஒரு பழைய லேப்டொப்பில் இம்மிச்: ஒன்பது மாதம் பாவித்த பிறகு

அம்மாவின் கூகுள் கணக்கில் 15 ஜிபி நிரம்பிவிட்டது என்று போன் எத்தனையோ மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வரவேண்டிய ஒரு மெயில் வராமல் போனபோதுதான் நான் போனை வாங்கித் திறந்து பார்த்தேன். அந்த 15 ஜிபி படம், மெயில், டிரைவ் மூன்றுக்கும் பொது. கொஞ்சம் சுருக்கிய படங்களை 2021 ஜூன் 1 வரை கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள், அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள், நாங்களும் அன்றிலிருந்து எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தோம்: திருவிழா, தீமிதிப்பு, அக்கா பிள்ளையின் பல், அம்மா வைத்த கோவாச் செடி. மாதாமாதம் காசு கட்டினால் இடம் கிடைக்கும். ஆனால் திரை உடைந்த ஒரு லேப்டொப் அலுமாரியில் சும்மா கிடந்தது, எனக்கும் கை சும்மா இருக்காது.

அப்படித்தான் இம்மிச் வந்தது. கூகுள் போட்டோஸ் மாதிரி, ஆனால் படங்களை நம் வீட்டுக் கணினியிலேயே வைத்துப் பார்க்க, அலெக்ஸ் டிரான் என்பவர் 2022இல் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. குழந்தையின் படங்கள் சேர்ந்துகொண்டே போகிறதே, யாருக்கோ காசு கட்டுவதை விட நீயே ஒன்று செய்து தாயேன் என்று மனைவி கேட்டதில் ஆரம்பித்ததாம். நம்ம வீட்டுக் கதைதான். பாவிக்கக் காசு இல்லை. விரும்பினால் ஆதரவு கொடுக்கலாம், ஒரு சேவையகத்துக்கு (இம்மிச் ஓடும் கணினிக்கு) 100 டொலர் அளவில், தனி ஆளுக்கு 25 டொலர் அளவில். கொடுக்காவிட்டாலும் எந்த வசதியும் பூட்டப்படுவதில்லை.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் போட்டேன், மென்பொருளைப் பொதியாக ஓடவிடும் டொக்கர் போட்டேன், இம்மிச்காரர்கள் தருகிற கோப்பில் இரண்டு வரி மாற்றினேன், அரை மணி நேரத்தில் இம்மிச்சின் முதல் பக்கம் வந்துவிட்டது. கூகுளில் இருந்த பழையதை, நம் தரவை மொத்தமாகத் தரும் அவர்களின் டேக்அவுட் மூலம் இறக்கி, இம்மிச்-கோ என்ற சிறு கருவியால் உள்ளே தள்ளினேன். டேக்அவுட் படத்தின் திகதியையும் இடத்தையும் பக்கத்தில் தனிக் கோப்பாகப் போட்டுத் தரும், இந்தக் கருவி அதை வாசித்துச் சேர்த்துவிடும். அதைத் தெரியாமல் முதல் தடவை கையால் ஏற்றி, பத்து வருடப் படங்கள் பலவற்றை ஒரே நாளில் எடுத்தது மாதிரி ஆக்கிவைத்தேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி.

அப்புறம் முகம் அடையாளம் காணும் வேலை. இது வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, படம் வெளியே போவதில்லை. எட்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய இயந்திரம் மூன்று இரவு முனகியது. நான்காம் நாள் பார்த்தால் ஆச்சரியம்தான்: அப்பாயியின் ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் அவர் கடைசிக் காலத்துப் படத்தையும் ஒரே ஆள் என்று சேர்த்திருந்தது. அம்மாவின் இளவயதுப் படத்தை அக்கா என்றது, அதை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை. காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டிய சித்தப்பாவைத் தனி ஆளாகப் பிரித்து, இவர் பெயர் என்ன என்று கேட்டது. ரதி என்றே வைத்துவிட்டோம்.

சொல்லை எழுதித் தேடுவதும் உண்டு, ஆனால் அதோடு வரும் ஏஐ மொடல் ஆங்கிலத்துக்கு மட்டும்தான் சரி. அமைப்பில் போய் என்எல்எல்பி என்ற பன்மொழி வகை மொடலுக்கு மாற்றினால் தமிழிலும் தேடலாம். அது பெரியது, இந்த லேப்டொப்பில் மெதுவாகத்தான் ஓடுகிறது. "மழையில் குடை" என்று அம்மா எழுதினால் ஏதோ ஒரு குடை வருகிறது, அவர் கேட்ட குடை வருவதில்லை. அவருக்கு அதுவே போதும், வந்த படத்தைப் பார்த்துவிட்டு இது யார் கல்யாணம் என்று தொடங்கிவிடுவார்.

வெளியில் இருந்து பார்ப்பதுதான் கொஞ்சம் தலையிடி. எங்கள் ரவுட்டருக்குக் கிடைப்பது பல வீடுகளுக்குப் பொதுவான முகவரி, வெளியில் இருந்து யாரும் நேரே நம் வாசலுக்கு வர முடியாது. ரவுட்டரில் எத்தனை கதவைத் திறந்தாலும் பயனில்லை, நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்த பிறகுதான் அது புரிந்தது. நம் கருவிகளை மட்டும் ஒரு தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டேன், தீர்ந்தது. வயர்கார்ட் என்ற விபிஎன் நுட்பத்தின் மேல் ஓடுவது, குடும்ப அளவுக்கு இலவசம். கொழும்பில் இருக்கும் அக்காவின் போனிலும் போட்டுவிட்டேன். போனில் பற்றரி சேமிப்பை இம்மிச்சுக்கு மட்டும் தளர்த்த மறக்க வேண்டாம், அம்மாவின் விலை குறைந்த போன் செயலியைப் பின்னால் ஓடவிடாமல் கொன்றுகொண்டே இருந்தது.

கரண்ட் கணக்கையும் சொல்லவேண்டும். திரை அணைந்த லேப்டொப்பும், படங்கள் இருக்கும் வெளி வட்டும் சும்மா இருக்கும்போது சுமார் 12 வாட் எடுக்கிறது, மாதத்துக்கு ஏறத்தாழ 9 யூனிட். சின்னக் கணக்காகத் தெரியும். எங்கள் வீடு 60 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடு, பில் படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும், அந்த 9 யூனிட் எங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிட்டது. ஹீட்டர் போடும் நேரத்தைக் குறைத்துச் சமாளித்தோம். அதற்குப் பதிலாக அம்மா வசூலிக்கிறார்: ஜூலை மழையில் காயாத காலுறைகள் லேப்டொப்பின் சூடான மூடிமேல்தான் காய்கின்றன. காற்றுப் போகும் ஓட்டையை மட்டும் மறைக்கவேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், பாதி வெற்றி.

ஒருநாள் கரண்ட் போய் வந்தபிறகு இம்மிச் எழும்பவே மறுத்தது. இரவு பதினொரு மணி வரை திட்டிக்கொண்டு அதன் லொக் பதிவுகளை வாசித்தேன். கோப்புறைகளுக்குள் அது புள்ளியில் தொடங்கும் ஒரு சிறு மறைகோப்பை வைத்திருக்கும், எழும்பும்போது அது இருக்கிறதா என்று பார்க்கும், அது இல்லை. ஏன் இல்லை? வட்டே இல்லை. தம்பி போனுக்குச் சார்ஜ் போட வட்டின் அடப்டரைக் கழற்றியிருக்கிறான். அந்தச் சோதனை மட்டும் இல்லையென்றால் புதுப் படங்கள் எல்லாம் வெறும் கோப்புறையில் போய் விழுந்திருக்கும், எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆகியிருக்கும். திட்டியதை வாபஸ் வாங்கினேன். 2.0 பதிப்பு 2025 ஒக்டோபரில் நிலையானது என்ற பெயரோடு வந்தது. அதற்கு முன்பு புதுப்பிக்கும்போதெல்லாம் மாற்றக் குறிப்பை ஒரு வரி விடாமல் வாசிக்கவேண்டியிருந்தது. இப்போதும் வாசிக்கிறேன், பழக்கம்.

அந்தரங்கம் என்று சொல்லித்தான் பலர் இதற்கு வருகிறார்கள், அதில் ஒரு விஷயம் பேசப்படுவதில்லை. இம்மிச்சில் முனைக்கு முனை மறையாக்கம், அதாவது படத்தின் சொந்தக்காரர் தவிர வேறு யாரும் திறக்க முடியாத பூட்டு, கிடையாது. கணக்குகள் தனித்தனிதான், ஆனால் வட்டு என் கையில். அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் நிறுத்திக் கேட்டாள்: "டேய், அப்ப என் படமெல்லாம் நீ பார்ப்பியா?" பார்க்க மாட்டேன், ஆனால் பார்க்க முடியும் என்றேன். கூகுளே பரவாயில்லை என்றாள். பின் நம்பர் வைத்துப் பூட்டும் கோப்புறை இருக்கிறது, அதுவும் செயலிக்குள்தான் பூட்டு, வட்டைத் திறப்பவனுக்கு இல்லை. அவளுக்கு இது சரிப்படாவிட்டால் என்டே மாதிரி மறையாக்கம் உள்ள சேவைதான் பொருத்தம், அதை அவளிடமே சொன்னேன். பிள்ளையின் படங்களை மட்டும் இங்கே அனுப்புகிறாள்.

படங்களைப் பகிரும் இணைப்பு எனக்குப் பிடித்தது. கடவுச்சொல், காலாவதித் திகதி இரண்டும் வைக்கலாம், படத்தோடு ஒட்டியிருக்கும் இட விபரத்தைக் காட்டாமலும் விடலாம். வட்ஸ்அப்பில் டொகியுமென்டாக அனுப்பினால் அந்த விபரம் அப்படியே போகும் என்பது பலருக்குத் தெரியாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் லயத்தில், அந்தத் தோட்டத்து வீட்டு வரிசையில், இருந்தவர்கள் பாடசாலையில் தங்கினார்கள். மழை விட்டபிறகு ஒரு பெரியம்மா சேற்றில் இருந்து எடுத்த கல்யாண அல்பத்தைப் படிக்கட்டில் வைத்து, ஒட்டிப்போன பக்கங்களைக் கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பாதிப் படங்களில் முகம் இல்லை. நான் வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பார்த்தேன். மேல் தட்டில் லேப்டொப், கீழ்த் தட்டில் நான் பெருமையாக பக்கப் என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டாவது வட்டு. இரண்டும் ஒரே சரிவில், ஒரே சுவரில் சாய்ந்து.

இம்மிச் இரவு இரண்டு மணிக்குத் தன் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து 14 நாளுக்கு வைத்திருக்கும். படங்களைப் பிரதி எடுப்பது நம் வேலை. அதற்காக இன்னொரு வட்டு வாங்கினேன், பூட்டி மறையாக்கம் செய்தேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வட்டு கொழும்புக்குப் போகிறது, மற்றது திரும்பி வருகிறது. போகிற வட்டைத் துவாயில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்து, மேலே அம்மா தேயிலைப் பைக்கற்றைத் திணிப்பார். போனமுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் டின்னைப் பார்த்துவிட்டு ஒரு பிஸ்கட் கேட்டார்.