மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தா, மாத்திரையா?

மூக்கை அடைத்துக்கொண்டிருப்பது சளி மட்டுமல்ல. உள்ளே வீங்கிக் கிடக்கும் இரத்தக் குழாய்களும்தான். எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விடாததற்கு அதுவே காரணம். அந்தக் குழாய்களைச் சுருங்க வைப்பதுதான் மருந்தின் வேலை. அதைச் சொட்டு மருந்து செய்கிறது. நாம் வாங்கும் பெரும்பாலான சளி மாத்திரைகள் செய்வதில்லை.

அம்மாத்திரைகளில் அடைப்பை நீக்குவதற்கென்று இருப்பது பினைலெஃப்ரின். விழுங்கினால் அதன் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடுகிறது. மூக்குக்கு வந்து சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு, வாய்வழி பினைலெஃப்ரினால் பயனில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. மாத்திரை போட்டதும் தேவலை என்று தோன்றுவது, கூடவே இருக்கும் பாராசிட்டமாலாலும் தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமினாலும். சூடோஎபிட்ரின் மாத்திரை உண்மையிலேயே அடைப்பை நீக்கும். ஆனால் படபடப்பும் தூக்கமின்மையும் தரும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

சொட்டு மருந்தில் முக்கியமானவை சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என இரண்டு. இரண்டும் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆக்ஸிமெட்டாசோலின் 12 மணி நேரம் வரை தாங்கும் என்பதால், இரவு தூங்க வேண்டும் என்பவருக்கு நான் அதையே சொல்வேன்.

ஆனால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். இதை அனுபவித்தவன் நான். மூன்று வாரம் விடாமல் போட்டேன். கடைசியில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்கு இறுகிக்கொள்ளும். சீசா தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. மருத்துவர் முதலில் வலது மூக்கில் மட்டும் நிறுத்தச் சொன்னார். இடது பக்கத்தால் மூச்சு விட்டுக்கொண்டு சமாளித்தேன். பிறகு அதையும் நிறுத்தினேன். இடையில் புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே கொடுத்தார். அது பலன் காட்டச் சில நாள் ஆகும், ஆனால் இப்படிப் பழக்கப்படுத்திவிடாது. ஒவ்வாமையால் மாதக்கணக்கில் அடைப்பு இருப்பவருக்கு ஏற்றது அதுதான்.

இரத்த அழுத்தமோ இதய நோயோ கண் அழுத்த நோயோ இருப்பவர்கள் சொட்டு மருந்தைக்கூட மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் தயவுசெய்து பெரியவர்களின் சீசாவைத் தொடாதீர்கள்; மருந்தின் செறிவே வேறு. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது. மூக்கடைத்த கைக்குழந்தை முலையை வாயில் வைத்ததும் மூச்சுக்குத் திணறி, முலையை விட்டுவிட்டு அழும். பால் கொடுக்குமுன் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை இரு பக்கமும் விட்டுச் சற்றுப் பொறுங்கள். சளி இளகி வழியும், துடைத்துவிட்டுப் பால் கொடுக்கலாம்.