மெடிசினா, பேத்தாலஜியா? சேலத்துத் தோழிகள் இருவரின் கணக்கு

"இவ்வளவு நல்ல ரேங்க் வந்திருக்கு, அப்புறம் எதுக்குப் பேத்தாலஜி?" மருத்துவ மேற்படிப்புக்கான கவுன்சலிங் சமயத்தில் என் வீட்டில் எழுந்த கேள்வி இது. நான் பேத்தாலஜிதான் எடுத்தேன்; திசுவையும் ரத்தத்தையும் சோதித்து நோயைக் கண்டுபிடிக்கும் துறை அது. ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஜெனரல் மெடிசின் எடுத்தாள். இருவரும் இன்று சேலத்தில்தான் வேலை பார்க்கிறோம்.

வருடக் கணக்கில் வேறுபாடே இல்லை. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு, அப்புறம் எம்.டி. 3 ஆண்டு. அதற்கும் மேலே டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு படிக்க விரும்பினால் இருவருக்கும் இன்னொரு 3 ஆண்டு.

அவளுடைய முதல் வருடம் வார்டிலும் கேஷுவாலிட்டியிலும் போனது. பாம்புக்கடி, விஷம், மூச்சுத்திணறல் என்று தூக்கமில்லாத இரவுகள். ஆனாலும் விடிகாலையில் கண் திறந்த நோயாளி அவள் கையைப் பிடித்துக்கொள்வார்.

எனக்கு முதல் வருடம், திசு கெடாமல் ஊறவைக்கும் பார்மலின் நெடியில் கழிந்தது. அறுவை அரங்கிலிருந்து வரும் மார்பகத்தையும் கர்ப்பப்பையையும் அளந்து, அறுத்து, எந்தத் துண்டை எடுப்பது என்று முடிவு செய்வதற்குக் கிராசிங் (grossing) என்று பெயர். இடம் தவறினால் புற்றுநோய் டப்பாவிலேயே தங்கிவிடும், ஸ்லைடுக்கு வராது. அந்தத் துண்டை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவிச் சாயமேற்றுவார்கள். உட்கரு நீலம், மற்றதெல்லாம் ரோஸ். கண் பழகவே மாதக்கணக்கில் ஆகும்.

பலன் எங்கே இருக்கிறது என்பதை ஒரு மாலை எனக்குக் காட்டியது. ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த பெண்ணுக்கு ஈறில் ரத்தம். டெங்குவாக இருக்குமோ என்று ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ண அனுப்பியிருந்தார்கள். மெஷின் 'குறைவு' என்றதோடு சரி. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து ஸ்மியர் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செல்லுக்குள் விறகுக்கட்டு மாதிரி மெல்லிய சிவப்பு ஊசிகள். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா. மூளையில் ரத்தம் கசிந்து முதல் சில நாளிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய ரத்தப் புற்று. மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆட்ரா (ATRA) என்ற மருந்துக் காப்ஸ்யூலைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். போனை எடுத்துத் தோழியைக் கூப்பிட்டேன். அன்றிரவே தொடங்கினாள். பிழைத்த அந்தப் பெண் இன்றும் அவளுக்குத்தான் மலை ஆரஞ்சு கொண்டுவந்து தருகிறார். என் முகம் அவருக்குத் தெரியாது. எனக்கு அந்த ஸ்லைடே போதும்.

வருமானத்தில் மெடிசின் முந்துகிறது. போர்டு மாட்டினால் சாயங்காலமே நோயாளி வருவார். சொந்த லேப் என்றால் மெஷினுக்கே பெரிய முதல் வேண்டும். நோயாளியை அனுப்பி வைக்க ரெஃபரல் கமிஷன் கேட்பவர்களும் உண்டு. ரிப்போர்ட்டில் கையெழுத்திடுபவர் பேத்தாலஜியில் முதுநிலைப் பட்டம் பெற்ற டாக்டராக இருக்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் 'கையெழுத்து மட்டும் போதும், நேரில் வர வேண்டாம்' என்று ஒரு லேபில் என்னிடம் கேட்டார்கள். முடியாது என்றேன். பார்க்காத ஸ்லைடுக்குப் பெயர் போடுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

நைட் டூட்டி குறைவு என்பது உண்மைதான். அதற்காக மட்டும் வராதீர்கள். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு சர்ஜன் காத்திருக்க, உடனே உறையவைத்துச் சீவிய ஃப்ரோசன் துண்டைப் பார்த்து இருபது நிமிடத்துக்குள் பதில் சொல்லும்போது இதயம் அடித்துக்கொள்ளும்.

பயிற்சி மருத்துவராக இருக்கும்போதே அனுமதி கேட்டு ஒரு வாரம் பேத்தாலஜி துறையில் உட்கார்ந்து பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது 'இன்னும் ஒரு ஸ்லைடு பார்த்துட்டு வரேன்' என்று வாயில் வந்தால், வீட்டில் யார் என்ன சொன்னாலும் எடுத்துவிடுங்கள்.